மறைத்த கடிதம்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, நகரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்த அக்காளும் நானும் ஒரு பழைய ஆங்கிலப் படம் பார்த்தோம். 'தி லெட்டர்', அதாவது 'கடிதம்' என்பது படத்தின் பெயர். 1940-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வார்னர் கம்பெனியார் தயாரித்தது. வில்லியம் வைலர் டைரக்ட் செய்தது. பெட்டி டேவிஸ் என்னும் புகழ் பெற்ற நடிகை நடித்தது. அக்காளுக்கு ஆங்கிலம் தெரியாது. இருபத்தெட்டு ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அவர். ஆகவே நான் பக்கத்தில் அமர்ந்து வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படம் தொடங்கியவுடன் முழு நிலா தெரிகின்றது. அடுத்து ஒரு ரப்பர் மரம். பட்டையில் வெட்டிய கோட்டின் வழியே பால் இறங்கி மங்கில் சொட்டுச் சொட்டாக விழுகின்றது.

"இதென்ன கூத்து, தம்பி! ராத்திரியில் எந்த மரம் பால் கொடுக்கும்?" என்றார் அக்காள்.

தோட்டத்தில் பிறந்த எவரும் அப்படித்தான் கேட்பர். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, வெயில் ஏறுவதற்குள் மரங்களை வெட்டி முடிக்க ஓடுவதன் காரணமே, குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக இறங்கும் என்பது. சில மணி நேரத்தில் வெட்டிய இடத்தில் பால் உறைந்து ஒழுக்கு நின்றுவிடும். ஒன்றிரண்டு மரங்கள் மாலை வரையில் சொட்டுவது உண்டெனினும், நிலா உச்சிக்கு வரும் வேளையில் மங்கில் இருப்பது கட்டிப் பால் மட்டுமே. ஹாலிவுட்டாருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. கலிபோர்னியாவில் செட்டுப் போட்டு எழுப்பிய மலாயா அது.

மரத்தைக் காட்டிய காமிரா, நிற்காமல் ஒரே ஓட்டமாக நகர்ந்து, கீற்றுக் கொட்டகை ஒன்றில் தூளி கட்டி உறங்கும் தொழிலாளர்களைக் காட்டுகின்றது. வேலைக்காரர் சிலர் விழித்திருக்கின்றனர். வெள்ளைக் கிளி ஒன்று வேலியில் அமர்ந்திருக்கின்றது. திடீரென்று துப்பாக்கி வெடிக்கின்றது, கிளி பறக்கின்றது. பங்களா வராந்தாவில் ஓர் ஆடவன் தள்ளாடி வருகின்றான். அவன் பின்னே ஒரு பெண் வந்து, கைத்துப்பாக்கியில் இருந்த ஆறு குண்டுகளும் தீரும்வரை அவனைச் சுடுகின்றாள். அவன் படிக்கட்டில் விழுந்த பிறகும் சுடுகின்றாள். முகத்தில் கோபமில்லை, அச்சமில்லை. இத்துணைச் சில நிமிடங்களில் ஒரு கதையைத் தொடங்கிவைத்த படம் வேறொன்றை நான் கண்டதில்லை. மரம் பொய்யாயினும் அந்தப் பெண்ணின் முகம் மெய்.

தூளியில் உறங்கியவர்கள் யார்? மலாயாவின் வெள்ளையர் தோட்டங்களில் அந்நாளில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம்மவர் அல்லரோ? நம் ஆட்கள் உறங்கியது தூளியிலன்று, லயத்தில். படம் முழுதும் செவியைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். தமிழ்ச் சொல் ஒன்றும் என் காதில் விழவில்லை. அப்படம் வெளிவந்த சில மாதங்களில், 1941-ஆம் ஆண்டில், கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். ஹாலிவுட்டின் கொட்டகையில் தூளியில் கிடந்தவர்கள், துரைசாணியின் துப்பாக்கி ஓசை கேட்டு எழுந்து வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கின்றனர். அவர்களை எவரும் ஒன்றும் கேட்பதில்லை.

நிற்க. கதைக்கு வருவோம்.

சுட்டவள் லெஸ்லி கிராஸ்பி, ஒரு தோட்டத் துரையின் மனைவி. மாண்டவன் ஹாமண்ட் என்னும் வெள்ளைக்காரன். கணவன் ராபர்ட் அன்றிரவு வீட்டில் இல்லை. ஹாமண்ட் எதிர்பாராது வந்து தன் கற்பைக் கெடுக்க முயன்றதாகவும், மானத்தைக் காக்கவே சுட்டதாகவும் அவள் கூறுகின்றாள். எல்லோரும் நம்புகின்றனர். சிங்கப்பூரில் வழக்கு, ஆனால் விடுதலை நிச்சயம் என்பது வெள்ளையர் உலகின் எண்ணம். ஜாய்ஸ் என்னும் வழக்கறிஞர், குடும்பத்தின் நெருங்கிய நண்பர், அவளுக்காக வாதாட முன்வருகின்றார். அப்பொழுது அவரிடம் வேலை பார்க்கும் ஓங் சீ செங் என்னும் சீன இளைஞன், மிகுந்த பணிவோடு, ஒரு கடிதத்தின் நகலை அவர் மேசைமீது வைக்கின்றான். கொலை நடந்த நாளில் லெஸ்லியே ஹாமண்டுக்கு எழுதியது. கணவன் ஊரில் இல்லை, கட்டாயம் வரவேண்டும் என்று அழைத்த கடிதம். அதன் மூலப்பிரதி ஹாமண்டின் வீட்டுப் பெண்ணிடம் இருக்கின்றது. விலை பதினாயிரம் வெள்ளி. ராபர்ட்டின் சேமிப்பு ஏறக்குறைய அவ்வளவே. இதில் உனக்கு என்ன ஆதாயம் என்று வழக்கறிஞர் கேட்டால், இரண்டாயிரம் வெள்ளி என்று ஓங் சீ செங் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றான். படத்தில் உண்மையை உள்ளபடி சொல்பவன் அவன் ஒருவன்தான் என்று எனக்குத் தோன்றியது.

இது சாமர்செட் மாம் என்னும் ஆங்கில எழுத்தாளரின் சிறுகதை. மாம் 1921-லும் பிறகு 1925-லும் இந்நாட்டுக்கு வந்து, துரைமார் வீடுகளில் விருந்துண்டு, அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டுச் சென்றவர். 'சவுக்கு மரம்' என்னும் பொருள்படும் பெயரில் 1926-இல் வெளியான தொகுதியில் இக்கதை இருக்கின்றது. மறு ஆண்டே அதை அவர் நாடகமாகவும் ஆக்கினார். லண்டனில் கிளாடிஸ் கூப்பர் நடித்தார். 1929-இல் ஜீன் ஈகிள்ஸ் நடிக்க, முதன்முறை பேசும் படமாயிற்று. அதில் கள்ளக் காதலனாக நடித்த ஹெர்பர்ட் மார்ஷலே 1940-ஆம் ஆண்டுப் படத்தில் ஏமாந்த கணவனாக நடிக்கின்றார்! விருந்துண்ட வீட்டுக் கதையை ஊரறியச் செய்துவிட்டார் என்று மலாயா வெள்ளையருக்கு மாம் மீது தீராத கோபம். கோபத்துக்குக் காரணம் இருந்தது, கதை கற்பனையன்று.

1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி, கோலாலம்பூரில், விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியின் தற்காலிகத் தலைமையாசிரியர் வில்லியம் பிரவுட்லாக் என்பவரின் மனைவி எதெல், ஈயச் சுரங்க மானேஜராக இருந்த வில்லியம் ஸ்டூவர்ட் என்பவரைத் தம் வீட்டு வராந்தாவில் சுட்டுக் கொன்றார். அன்று மாலை ஸ்டூவர்ட்டை ஏற்றிவந்த ரிக்ஷாக்காரர் வெளியில் காத்திருந்தார். வழக்கில் அவரும் சாட்சி. கற்பைக் காக்கவே சுட்டேன் என்றார் எதெல். மாண்டவருடன் ஒரு சீனப் பெண் வாழ்ந்து வந்தாள் என்பதும் விசாரணையில் வெளிவந்தது. மலாய் நாடுகளில் அப்பொழுது ஜூரி முறை இல்லை. ஒரு நீதிபதியும் இரண்டு அசெஸர்களும் விசாரித்து, கொலைக் குற்றம் உறுதியென்று தூக்குத் தண்டனை விதித்தனர். வெள்ளையர் உலகம் திகைத்துப்போயிற்று. விண்ணப்பங்கள் பறந்தன. ஜூலை மாதத்தில் சிலாங்கூர் சுல்தான் சுலைமான் மன்னிப்பு அளித்தார். எதெல் புடு சிறையிலிருந்து வெளிவந்து, கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்விட்டார்.

அந்த வழக்கில் கடிதம் எதுவும் இல்லை. கடிதம் மாம் சேர்த்தது. நடந்த நிகழ்ச்சியில் தீர்ப்புக்குப் பின்னர் ஓர் அரசரின் கருணை வந்து காப்பாற்றிற்று. கதையில் தீர்ப்புக்கு முன்னரே பதினாயிரம் வெள்ளி வந்து காப்பாற்றிவிடுகின்றது. எழுத்தாளர் செய்த இம்மாறுதலால் குற்றவாளிகளின் எண்ணிக்கை ஒன்றிலிருந்து மூன்றாகிவிட்டது. சுட்டவள் ஒருத்தி, கடிதத்தை விற்றவள் ஒருத்தி, வாங்கி மறைத்த நல்லவர் ஒருவர்.

சிறுகதையில் லெஸ்லி விடுதலை பெற்று உயிரோடிருக்கின்றாள். உண்மையை வழக்கறிஞரிடம் கொட்டிவிட்டு, உடனே மரியாதைக்குரிய துரைசாணியின் முகத்தை மறுபடியும் அணிந்துகொள்கின்றாள். அவ்வளவுதான் கதை. படத்தில் அப்படி விட முடியவில்லை. ஹாலிவுட் முதலாளிகள் தாமே வகுத்துக்கொண்ட ஒழுக்க விதிகள் 1934 முதல் கண்டிப்பாக அமலில் இருந்தன. கொலை செய்தவர் தண்டனையின்றித் தப்பலாகாது என்பது விதி. ஆகவே ஹாமண்டின் பெண் இருளில் கத்தியோடு காத்திருந்து லெஸ்லியைக் கொல்கின்றாள். அதுவும் கொலையன்றோ? ஆகவே வாயிலில் ஒரு போலீஸ்காரர் வந்து அவளைப் பிடித்துக்கொள்கின்றார். தர்மத் தராசு இரண்டு பக்கமும் சமமாகிவிட்டதாம்! இதே விதிகளுக்கு அஞ்சியே ஹாமண்டின் சீனக் காமக்கிழத்தியை யுரேஷியப் பெண்ணாக்கி, மனைவி என்று பட்டமும் சூட்டினார்கள். நடித்தவர் கேல் சாண்டர்கார்ட் என்னும் வெள்ளைக்கார நடிகை. மாம் தம் கதையில் அப்பெண்ணுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. படத்தார் இறந்தவனின் பெயரை அவளுக்கு வைத்தனர்.

ஆயினும் ஓரிடத்தில் படம் கதையை வென்றுவிட்டது என்று துணிந்து கூறுவேன். கதையில் பணத்தைக் கொண்டுபோய்க் கடிதத்தை வாங்குபவன் கணவன். படத்தில் திருமதி ஹாமண்ட் ஒரு நிபந்தனை போடுகின்றாள்: எழுதியவளே நேரில் வரவேண்டும். லெஸ்லி தலையில் வெள்ளை லேஸ் முக்காடிட்டுச் சீனர் கடைக்கு வருகின்றாள். மணித்திரையை விலக்கிக்கொண்டு மற்றவள் வந்து நிற்கின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கின்றனர். ஒருத்தி கணவனை இழந்தவள். ஒருத்தி அவனைக் கொன்றவள். இருவரும் அவன்மேல் அன்பு வைத்தவர்கள். கடிதம் கையில் கொடுக்கப்படவில்லை, தரையில் எறியப்படுகின்றது. துரைசாணி குனிந்து, அந்தப் பெண்ணின் காலடியில் கிடக்கும் தன் எழுத்தைத் தானே பொறுக்கிக்கொள்கின்றாள். அப்பொழுது அக்காள் "ஹும்" என்று ஒரு மூச்சு விட்டார். அவரும் குனிந்து பழகியவர். மேலே நின்றவர்களின் கால்களைப் பார்த்துப் பழகியவர். அந்த மூச்சுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அக்காள் துரைசாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானோ வழக்கறிஞரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜேம்ஸ் ஸ்டீவன்சன் என்னும் நடிகர் அவர். மறு ஆண்டே மாரடைப்பால் இறந்துபோனார். பெட்டி டேவிஸின் நடிப்பை உலகம் புகழ்ந்துவிட்டது; இவருடைய நடிப்பைப் பற்றி நான் சில வார்த்தை சொல்லியாக வேண்டும். ஜாய்ஸ் கெட்டவரல்லர். பணத்துக்கு ஆசைப்பட்டவரல்லர். சட்டத்தை மதிப்பவர். கடிதத்தை நீதிமன்றத்தில் வைத்தால் நண்பனின் மனைவி தூக்கு மேடைக்குப் போவாள், நண்பன் உடைந்துபோவான். மறைத்தால் எல்லோரும் பிழைப்பர். இரக்கம் ஒரு பக்கமும் உண்மை மற்றொரு பக்கமும் இழுக்க, அவர் இரக்கத்தின் பக்கம் சாய்கின்றார். ஜூரிகளின் முன் எழுந்து நின்று பேசும்பொழுது அவர் முகத்தைப் பாருங்கள்! விடுதலை வாங்கித் தரும் ஒரு வக்கீலின் முகமா அது? ஹாலிவுட் விதிகள் கொன்றவளுக்குத் தண்டனை கொடுத்தன. அவளைக் கொன்றவளுக்கும் கொடுத்தன. இவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. விதிகள் எழுதியவர்களின் பட்டியலில் இக்குற்றம் இல்லை போலும்.

எனக்கு இம்மனிதரை நன்றாகத் தெரியும். காரணத்தைச் சொல்கின்றேன்.

1958-இல் எனக்குப் பதினொரு வயது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. எங்கள் லயத்தில் பத்து வீடுகளுக்கும் கடிதம் படித்துச் சொல்பவன் நானே. கிராணியார் வீட்டுக்குப் போனால் வாசலில் நிற்கவேண்டும்; என்னிடமானால் ஒரு முறுக்கோ ஒரு பிடி கடலையோ போதும். அடுத்த வீட்டில் ஓர் அத்தை இருந்தார். உறவால் அத்தையல்லர், தோட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை. அவருடைய கணவர், நான் மாமா என்று அழைத்தவர், தாயாருக்கு உடல்நலமில்லையென்று ரஜூலா கப்பலேறி ஊருக்குப் போய் ஓராண்டு ஆகியிருந்தது.

ஒரு நாள் பிற்பகல் நீலநிற ஆகாயக் கடிதம் ஒன்று வந்தது. அத்தை பால் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு திண்ணையில் வந்து அமர்ந்தார். நான் சத்தமிட்டுப் படிக்கத் தொடங்கினேன். நலம், நலமறிய அவா, ஆத்தாள் சுகமாயிருக்கின்றாள், மழையில்லை. அதற்கு அடுத்த வரியில் என் நாக்கு நின்றுவிட்டது. ஆத்தாளின் பிடிவாதத்தால் தம் மாமன் மகளை மணந்துகொண்டதாகவும், இனி மலாயாவுக்கு வருவதற்கில்லையென்றும், அத்தை பேராக்கில் இருக்கும் தம் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதே நலமென்றும் மாமா எழுதியிருந்தார். மறைக்காமல், கெஞ்சாமல், நேர்மையாகவே எழுதியிருந்தார் என்பதை இன்று ஒப்புக்கொள்கின்றேன்.

நிமிர்ந்து பார்த்தேன். அத்தை சிரித்த முகத்தோடு, "உம், அப்புறம்?" என்றார்.

"மாமாவுக்கு உடம்பு சரியில்லையாம் அத்தை. வர நாளாகுமாம்" என்றேன்.

அந்த நொடியில் நான் நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன். அழவேண்டிய ஒருவரை அழாமல் காத்தேனல்லவா? ஆனால் பொய் ஒன்று சொன்னால் அது சும்மா இருப்பதில்லை. உடம்புக்கு என்னவாம் என்று கேட்டார், காய்ச்சல் என்றேன். அடுத்த சம்பளத்தன்று அத்தையின் காதில் தோடு இல்லை. அதை விற்ற பணமும் கைச்சம்பளத்தில் மிஞ்சியதும் சேர்த்து, அறுபது வெள்ளி, மருந்துச் செலவுக்கென்று மாமாவுக்கு மணியார்டர் போயிற்று. அனுப்புவதற்கான தாளில் முகவரி எழுதியதும் நானே. இரண்டு மாதம் கழித்து மாமாவிடமிருந்து பதில் வந்தது. பணம் கிடைத்தது, நான் ஒன்றும் கேட்கவில்லையே, எதற்காக அனுப்பினாய், இனி அனுப்பாதே என்று எழுதியிருந்தது. அதையும் வேறு விதமாகப் படித்தேன். பணம் உதவிற்று, உடம்பு தேறி வருகின்றது என்றேன். அத்தை அன்று எனக்குக் கொழுக்கட்டை செய்து கொடுத்தார். தின்றேன்.

ராபர்ட் கிராஸ்பி தன் பதினாயிரம் வெள்ளி போன இடம் தெரியாமல், சுமத்ராவில் தோட்டம் வாங்கப்போவதாக மகிழ்ச்சியோடு பேசுகின்ற காட்சியொன்று படத்தில் வருகின்றது. மனைவியும் வழக்கறிஞரும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருக்கின்றனர். அக்காட்சியில் நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன்.

ஊருக்குப் போயிருந்த வேறொருவர் அவ்வாண்டு தீபாவளிக்கு முன்னர்த் திரும்பி வந்தார். மாமாவின் கலியாணத்தில் சாப்பிட்டவர் அவர். தோட்டம் முழுதும் ஒரே நாளில் தெரிந்துவிட்டது. அன்று மாலை அத்தை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் கையில் சிலேட்டோடு கதவோரத்தில் இருந்தேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் போய்விட்டார். அதன் பின்னர் அவருக்கு அண்ணனிடமிருந்து கடிதம் வந்தால், அதை எடுத்துக்கொண்டு கிராணியார் வீட்டு வாசலில் போய் நிற்பார். எங்கள் வீட்டைத் தாண்டித்தான் அங்கே போகவேண்டும். ஈராண்டு கழித்துப் பேராக்குக்கே போய்விட்டார். அந்தத் தோடு திரும்பவில்லை.

அக்காள் அப்பொழுது பதினேழு வயதுப் பெண்; எல்லாம் அறிந்தவர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வார்த்தையும் பேசினாரில்லை.

படத்தில் கடைசியாக ராபர்ட் உண்மையை அறிகின்றான். மனைவியை மன்னிக்கவும் முன்வருகின்றான். அவளோ, தான் கொன்றவனையே இன்னும் நேசிப்பதாகச் சொல்லிவிட்டு, நிலா வெளிச்சத்தில் தோட்டத்தை நோக்கி நடக்கின்றாள். நான் வாய் திறவாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காள் என் முழங்கையைத் தொட்டு, "அவள் புருஷனிடம் என்ன சொன்னாள்?" என்று கேட்டார். நான் தயங்கினேன்.

"உள்ளதை உள்ளபடி சொல், தம்பி" என்றார்.

சொன்னேன்.